'பசுமை' சூப்பர் மார்க்கெட்: ரீஃபிலுக்கு மட்டும் போலாம்
கடை பேர் வேணாம், எங்க ஏரியால புதுசா வந்தது, வாசல்லயே 'பூமியைக் காப்போம்'னு ஆளுயர போர்டு வச்சிருக்காங்க. உள்ள ரீஃபில் கார்னர் நெஜமாவே சூப்பர், பாட்டில் கொண்டு போனா பாத்திரம் கழுவுற லிக்விட் ஊத்தி தர்றாங்க, அங்க இருக்குற அக்கா காலி பாட்டில் எடைய கழிச்சுட்டுதான் பில்லே போடுவாங்க.

ஆனா எதிர் ரேக்க பாருங்க, நறுக்குன பீன்ஸ், உரிச்ச மாதுளை, ஏன் தோலோட இருக்குற வாழைப்பழத்த கூட தெர்மாகோல் தட்டுல வச்சு பிளாஸ்டிக் ஷீட் சுத்தி வச்சிருக்காங்க, வாழைப்பழத்துக்கு எதுக்குங்க இன்னொரு தோலு? தமிழ்நாட்ல 2019 ஜனவரி 1லேருந்து இதுக்கெல்லாம் தடை. பில் கவுன்டர்ல 'துணிப்பை'ன்னு சொல்லி விக்கிறது கூட பாலிப்ராப்பிலீன்ங்குற பிளாஸ்டிக்ல செஞ்ச பை, ஓரத்துல தீக்குச்சி காட்டுனேன், சாம்பலாகாம உருகி சொட்டுது, அதுவும் தடை லிஸ்ட்ல உள்ளதுதான்.

கம்பெனிங்களும் சளைச்சவங்க இல்ல. 2016 பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை ரூல்ஸ் படி சிப்ஸ் கவர திருப்பி எடுக்குற பொறுப்பு அவங்களோடது, ஆனா பிளாஸ்டிக்கும் அலுமினியமும் லேயரா ஒட்டி இருக்குறதால பழைய பேப்பர் கடை அண்ணன் அத தொடவே மாட்டாரு, கடைலயும் போட ஒரு டப்பா கெடையாது. மேனேஜர்கிட்ட கேட்டா "ஹெட் ஆபீஸ்ல சொல்றோம் சார்".

5க்கு 2.5. போறவங்க மஞ்சப்பை எடுத்துட்டு போங்க.