புல்தரைப் பராமரிப்பு ஒப்பந்தம்: கோடையில் நான் ஏமாந்த விதம்

பகலெல்லாம் வெயில் கொளுத்தி, மாலையில் இடியும் மழையும் கொட்டும் இந்தப் பருவத்தில், புல்தரைப் பராமரிப்பைப் பிறரிடம் ஒப்படைக்க நினைப்பவர்கள் பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

வெளுத்துக் கிடந்த என் புல்தரையை ஒரே வாரத்தில் பச்சையாக்கித் தருவதாகச் சொன்ன ஒரு நிறுவனத்தை நம்பி, பருவம் முழுமைக்குமான தொகையை முன்கூட்டியே கொடுத்தேன். இரவு பெய்த மழையின் ஈரம் காயாத தரையில் கனமான இயந்திரத்தை ஏற்றி, எட்டு சென்டிமீட்டர் வளர்ந்திருந்த புல்லை இரண்டு சென்டிமீட்டராக வெட்டினார்கள். ஒரே வெட்டில் புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது என்பது இத்தொழிலின் அரிச்சுவடி. சக்கரத் தடங்கள் பதிந்த இடங்களில் மண் இறுகி, இன்றும் தண்ணீர் தேங்குகிறது.

அதே நாள் உச்சி வெயிலில், 46 சதவீதம் தழைச்சத்து கொண்ட யூரியாவைக் கைநிறைய அள்ளி வீசினார்கள். தண்ணீர் விடச் சொன்னதற்கு, "இரவு மழை வரும், அதுவே கரைத்துவிடும்" என்றார்கள். மழை வந்தது, ஆனால் அடித்துப் பெய்த அந்த மழையில் உரத்தின் பெரும்பகுதி வடிகாலுக்குப் போனது. குவியலாக விழுந்த இடங்களில் மூன்றே நாளில் புல் வைக்கோலாய்க் கருகியது.

இரண்டு வாரத்தில் வட்ட வட்டமாகப் பழுப்புத் திட்டுகள் தோன்றின. வேர்ப்புழு என்று சொல்லி, பூச்சிமருந்துக்குத் தனியாகப் பணம் கேட்டார்கள். நான் மண்டியிட்டு ஒரு கொத்தைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். வேர்ப்புழு அரித்திருந்தால் புல் பாய் போலச் சுருண்டு வந்திருக்க வேண்டும். அதுவோ கையை எதிர்த்து உறுதியாக நின்றது. மறுநாள் விடியலில், பனி காயும் முன், திட்டுகளின் விளிம்பில் சிலந்தி நூலைப் போன்ற வெண்ணிழை படர்ந்திருந்தது. அது பூஞ்சை நோய். வெப்பமும் இரவெல்லாம் இலையில் நிற்கும் ஈரமும் அதை வளர்க்கும்; மிகுதியான தழைச்சத்து அதற்குத் துணை போகும். பூச்சிமருந்து அதற்கு எந்தப் பயனும் தராது.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தைக் காட்டினார்கள்: புயல், மழையால் நேரும் சேதத்துக்குப் பொறுப்பேற்க மாட்டோம் என்று பொடி எழுத்தில் இருந்தது. நான் அதைப் படிக்காமலே கையெழுத்திட்டிருந்தேன். ஆகவே எந்த உரம், எவ்வளவு, எந்த நாளில் இடுவார்கள், எவ்வளவு உயரம் விட்டு வெட்டுவார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள். ஒவ்வொரு வருகைக்கும் தனித்தனியே பணம் கொடுங்கள். உரமூட்டையைப் பிரிக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள்.

இப்போது நானே கவனிக்கிறேன். உரம் இடுவதில்லை. மழையையும் சேர்த்து வாரத்துக்கு ஏறக்குறைய 25 மில்லிமீட்டர் நீர் கிடைக்கும்படி, தட்டையான டப்பாவை வைத்து அளந்து, மாலையைத் தவிர்த்து விடியலில் மட்டும் விடுகிறேன். திட்டுகள் ஓரத்திலிருந்து மெல்ல மூடி வருகின்றன. கொடுத்த பணம் மட்டும் இன்னும் திரும்பவில்லை.