பழைய ரேடியோ கண்ட்ரோல் கட்டுரைகளைச் சேமிக்க: செல்போனா, ஸ்கேனரா, மறுவரைவா?

போன வருடம் மாடல் விமானத்தை ஓட்டும் 27 மெகாஹெர்ட்ஸ் டிரான்ஸ்மிட்டர் ஒன்றின் என்கோடர் போர்டை (கைக்குச்சிகளின் அசைவைச் சிக்னலாக மாற்றும் பகுதி) செய்ய உட்கார்ந்தேன். 1970-களில் ஓர் அமெரிக்க மாடல் விமானப் பத்திரிகையில் வந்த கட்டுரை. நண்பர் செல்போனில் படம் பிடித்து பிடிஎஃப்-ஆக அனுப்பியிருந்தார். பிரிண்ட் எடுத்து, இஸ்திரிப் பெட்டியால் டோனரைச் செம்புத் தகட்டில் ஏற்றி, ஃபெர்ரிக் குளோரைடில் அரித்து, ஓட்டையும் போட்டாயிற்று. 16 கால் ஐசி (சிப்) ஒன்றை வைத்தால் நடுவில் இருக்கும் கால்கள் இறங்குகின்றன, ஓரத்துக் கால்கள் ஓட்டைக்கு வெளியே நிற்கின்றன. தகடும் போனது, ஒரு ஞாயிற்றுக்கிழமையும் போனது.

இந்தப் பொழுதுபோக்கே வீட்டு மேசையில் பிறந்ததுதான். 1937-இல் அமெரிக்காவின் வால்டர் குட், வில்லியம் குட் என்ற இரட்டைச் சகோதரர்கள் ‘கஃப்’ விமானத்தை ரேடியோவால் ஓட்டியபோது கடையில் வாங்க ரெடிமேட் செட் எதுவும் கிடையாது. அதற்குப் பின்னும் பல வருடங்களுக்குக் கடைச் செட் பலருக்கும் எட்டாத விலை. அதனால் அமெரிக்க, பிரிட்டிஷ் பத்திரிகைகள் சர்க்யூட், காயில் விவரம், ‘முழு அளவில்’ அச்சிட்ட பிசிபி (செம்புத் தட போர்டு) வரைபடம், டியூனிங் முறை எல்லாவற்றையும் தொடராக வெளியிட்டன. எனக்கு வந்து சேர்ந்தது அப்படிப்பட்ட பத்திரிகைகள் அடங்கிய ஒரு பெட்டி.

காகிதத்தை அப்படியே வைத்திருப்பது பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மலிவுத் தாள் மஞ்சளாகி நொறுங்கும், ஸ்டேப்ளர் பின் துருப்பிடிக்கும், மிச்சத்தை ராமபாணப் பூச்சி பார்த்துக்கொள்ளும். ஸ்கேன் செய்தாலும் மூலத்தைத் தூக்கிப் போடாதீர்கள், அவ்வளவுதான்.

செல்போன் வேகமானது. இருபது பக்கம் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். படிக்க மட்டும் என்றால் தாராளமாகப் போதும். ஆனால் பக்கம் லேசாக வளைந்திருக்கும், கை லேசாகச் சாய்ந்திருக்கும். ஆப் அதையெல்லாம் ‘சரிசெய்து’ நேர்ச்சதுரமாக நீட்டித் தரும். பார்க்க அழகாக இருக்கும், அளவு மட்டும் போயிருக்கும்.

என் முடிவு ஸ்கேனர்தான், அதற்குக் காரணமும் இந்த அளவுதான். ஐசி கால்களுக்கு இடையே 2.54 மில்லிமீட்டர். 16 கால் ஐசி-யில் ஒரு வரிசைக்கு எட்டுக் கால், ஆக முதல் காலிலிருந்து கடைசிக் கால் வரை 17.78 மி.மீ. வீணாய்ப்போன என் தகட்டில் ஸ்கேல் வைத்துப் பார்த்தேன்: 16.9. ஐந்து சதவீதம் குறைவு. இதில் பெரும்பங்கு எங்கிருந்து வந்தது தெரியுமா? அமெரிக்க லெட்டர் தாளின் அகலம் 216 மி.மீ., நம் ஏ4 தாள் 210. பிரிண்ட் எடுக்கும்போது ‘ஃபிட் டு பேஜ்’ (தாளுக்குள் அடக்கு) என்ற தேர்வு இருந்தால் அங்கேயே கிட்டத்தட்ட மூன்று சதவீதம் சுருங்கிவிடும். மிச்சத்தைப் பிரிண்டரின் மார்ஜினும் கேமராச் சாய்வும் பங்கு போட்டுக்கொண்டன. ரெசிஸ்டர், டிரான்சிஸ்டர் என்றால் காலை வளைத்துச் சமாளிக்கலாம். ஐசி வளையாது, ஐஎஃப் டிரான்ஸ்ஃபார்மர் டப்பா வளையாது, டிரான்ஸ்மிட்டர் பெட்டிக்குள் திருகு முடுக்கும் இடங்களும் வளையாது.

அதனால் ஒவ்வொரு பக்கத்தோடும் கண்ணாடி மேல் ஒரு எஃகு ஸ்கேலைக் கிடையாகவும் இன்னொன்றை நெடுக்காகவும் வைத்து ஸ்கேன் செய்கிறேன். இரண்டு எதற்கு என்றால், சென்சார் நகரும் திசையில் வரும் பிழையும் குறுக்கே வரும் பிழையும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. நாளை யார் எந்தத் தாளில் பிரிண்ட் எடுத்தாலும், தாளில் விழுந்திருக்கும் 100 மி.மீ. கோட்டை நிஜ ஸ்கேலால் அளந்தால் உண்மை தெரிந்துவிடும். பத்திரிகையே ‘முழு அளவு’ என்று போட்டுவிட்டுச் சற்றுச் சுருக்கி அச்சிட்டிருந்தாலும், ஐசி கால் இடைவெளியை ஸ்கேல் படத்தோடு ஒப்பிட்டால் அகப்படும்.

600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி), கிரேஸ்கேல் (சாம்பல் நிறச் சாயல்களோடு). ஒரு புள்ளி 0.042 மி.மீ., செம்புத் தடங்களுக்குத் தாராளம். ஏ4 பக்கம் சுருக்காமல் 35 எம்பி வரும், பிஎன்ஜி-யாக வைத்தால் குறையும். வெறும் கறுப்பு-வெள்ளையில் எடுத்தால் முதலில் காணாமல் போவது பென்சில் குறிப்புகள். என்னிடமுள்ள ஒரு பக்கத்தில் யாரோ ஒரு கெப்பாசிட்டரைச் சுழித்து, ஓரத்தில் வேறு மதிப்பு எழுதியிருக்கிறார். அச்சைவிட அந்தப் பென்சிலைத்தான் நான் நம்பினேன், நம்பியது சரியாகவும் இருந்தது.

கோப்பின் அளவைக் குறைக்க அழுத்துவதிலும் வினை உண்டு. 2013-இல் டேவிட் கிரீசல் என்ற ஜெர்மானியர், ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஸ்கேனர்கள் எண்களையே மாற்றிவிடுவதைக் கண்டுபிடித்தார். ஒரு கட்டட வரைபடத்தில் வெவ்வேறு பரப்புள்ள மூன்று அறைகளுக்கும் 14.13 சதுர மீட்டர் என்று நகல் வந்திருக்கிறது. ஒரே மாதிரித் தெரியும் எழுத்துத் துண்டுகளை ஒன்றுக்குப் பதில் இன்னொன்றாக ஒட்டும் ஜேபிஐஜி2 முறைதான் காரணம். ரெசிஸ்டர் மதிப்பில் இப்படி நடந்தால் யார் கண்டுபிடிப்பது?

ஸ்கேனர் வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். யூஎஸ்பி வயரிலேயே ஓடும் மெல்லிய ஸ்கேனர்கள் பெரும்பாலும் சிஐஎஸ் சென்சார் வகை. தாள் கண்ணாடியை விட்டுச் சற்றே தூக்கினாலும் மங்கிவிடும். சிசிடி வகை கொஞ்சம் ஆழம்வரை பார்க்கும். நான் பழைய சிசிடி ஒன்றைச் செகண்ட்ஹேண்டில் வாங்கினேன். டிரைவருக்கு இரண்டு நாள் அலைந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நடுமடிப்பில் பின் அடித்த பத்திரிகை என்றால் பின்னைக் கழற்றித் தாள்களைப் பிரித்துவிடுவது உத்தமம்.

அப்புறம் மறுவரைவு. சர்க்யூட்டைக் கிகேட் என்ற சர்க்யூட் வரையும் மென்பொருளில் திரும்ப வரைந்து, கட்டுரையைத் தட்டச்சு செய்வது. இதற்கு ஒரு நிஜமான பலம் உண்டு. பத்திரிகைகள் சில மாதம் கழித்து எங்கோ ஒரு மூலையில் பிழைதிருத்தம் போடும், மறுவரைவில் அது உரிய இடத்திலேயே ஏறிவிடும். ஸ்கேன் வைத்திருப்பவர் அந்தத் திருத்தப் பக்கத்தையும் தேடிப்பிடித்துச் சேர்க்க வேண்டும். ஆனால் தட்டச்சு செய்பவர் ‘28 கேஜ் கம்பி, 12 சுற்று’ என்று எழுதி முடித்துவிடுவார். பிரிட்டிஷ் கம்பித் தடிமன் கணக்கான எஸ்டபிள்யூஜி-யில் 28 என்றால் 0.376 மி.மீ., அமெரிக்கக் கணக்கான ஏடபிள்யூஜி-யில் 28 என்றால் 0.321. நம் ஊர் காயில் கம்பிக் கடையில் கேட்டால் எஸ்டபிள்யூஜி-தான் தருவார்கள். எது சரி என்பதைச் சொல்வது பத்திரிகையின் பெயரும் பக்கத்தில் இருக்கும் கம்பி விளம்பரமும்தான். மறுவரைவில் முதலில் வெட்டுப்படுவதும் அவைதான். நான் ஒரே ஒரு போர்டைத்தான் திரும்ப வரைந்திருக்கிறேன், அதிலும் ஒரு டையோடைத் தலைகீழாகப் போட்டேன். பழகிய கை இருந்தால் என்னைவிட நன்றாகவே வரும், ஆகவே இந்தக் குறையை அந்த அளவுக்கு மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆக, இப்போது என் வழக்கம் இது: மூலம் பிளாஸ்டிக் உறையில், ஸ்கேலோடு ஸ்கேன் இரண்டு டிஸ்க்கில், செய்யப்போகும் போர்டை மட்டும் ஸ்கேனின் மேல் வைத்துக் கிகேட்டில் வரைவது. ஹீத்கிட் (பாகங்களாக விற்று நாமே பூட்டும் செட்டுகள்) கையேடுகளின் மடிப்புத் தாள்களை மட்டும் இன்னும் தொடவில்லை. ஏ4 கண்ணாடியில் துண்டு துண்டாக எடுத்து ஒட்டினால் ஒட்டும் இடத்தில் அளவு நிற்குமா என்று முதலில் ஒரு கிராஃப் தாளில் சோதித்துப் பார்க்க வேண்டும். அதுவரை அவை பெட்டியிலேயே இருக்கட்டும்.