டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைக்கு எந்தப் பள்ளி: பெரிய சிபிஎஸ்இயா, தெருமுனை மெட்ரிக்கா, என்ஐஓஎஸ்ஸா?

பிள்ளைக்கு டிஸ்லெக்சியா, அதாவது வாசிப்பதும் எழுதுவதும் கடினமாகும் கற்றல் குறைபாடு, என்று ரிப்போர்ட் கைக்கு வந்ததும் சென்னையில் பெரும்பாலான வீடுகளில் மூன்று வழிகள் பேச்சுக்கு வரும். ரிசோர்ஸ் ரூம் (இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குத் தனியாகச் சொல்லித்தரும் அறை) உள்ள பெரிய சிபிஎஸ்இ பள்ளி ஒன்று. வீட்டுக்குப் பக்கத்து மெட்ரிக் பள்ளியில் சேர்த்துவிட்டு, மாலையில் இதற்கென்றே பயிற்சி பெற்ற ஸ்பெஷல் எஜுகேட்டரிடம் அனுப்புவது இன்னொன்று. மூன்றாவது, என்ஐஓஎஸ் எனப்படும் மத்திய அரசின் திறந்தநிலைப் பள்ளி போர்டின் தேர்வுக்குத் தயார் செய்யும் சின்னப் பள்ளி. என் மகனுக்காக மூன்றையும் அலசிப் பார்த்ததில் எனக்குப் பட்டது இதுதான்: சின்ன வகுப்புகளில் ஆசிரியரைப் பார்த்துச் சேர்க்க வேண்டும், எட்டாவதை நெருங்கும்போது போர்டைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

பெரிய பள்ளியில் ரிசோர்ஸ் ரூம் இருக்கிறது என்றதும் நிம்மதியாகி விடாதீர்கள். பிள்ளையை எந்தப் பீரியடில் அங்கே கூப்பிடுகிறார்கள் என்று கேளுங்கள். நாங்கள் போய்ப் பார்த்த ஒரு பள்ளியில் பி.டி., டிராயிங் பீரியடுகளில்தான் கூப்பிட்டார்கள். நாள் முழுக்க எழுத்தோடு மல்லுக்கட்டும் பிள்ளைக்கு மூச்சு விடக் கிடைப்பதே அந்த நேரம்தான். அதைப் பிடுங்கிக்கொண்டு வாசிக்க உட்கார வைத்தால் வாசிப்பின் மேல் வெறுப்புதான் வரும். வகுப்பில் பிள்ளையின் பக்கத்திலேயே இருந்து உதவும் ஷேடோ டீச்சர் வேண்டும் என்றால் அவர் சம்பளம் யார் பொறுப்பு என்பதையும் சேர்க்கைக்கு முன்பே பேசிவிடுங்கள். பல இடங்களில் அது பெற்றோர் தலையில்தான் விழுகிறது.

ஆனால் பத்தாம் வகுப்பு என்று வரும்போது சிபிஎஸ்இ கை கொடுக்கிறது. தேர்வில் மணிக்கு 20 நிமிடம் கூடுதல், அதாவது மூன்று மணி நேரத் தேர்வுக்கு முழுதாக ஒரு மணி நேரம். சொல்வதை எழுத ஆள் வைத்துக்கொள்ளலாம். இரண்டு மொழிக்குப் பதில் ஒரு மொழி போதும். கணக்கு வரவே வராத பிள்ளை அதை விட்டுவிட்டு ஓவியமோ இசையோ எடுக்கவும் வழி உண்டு. என்ன, பதினொன்றில் கணக்கு தேவைப்படும் குரூப்புகளை மறந்துவிட வேண்டும்.

மெட்ரிக் பள்ளியில் தனி அறை, தனி ஆள் எல்லாம் அநேகமாக இருக்காது. அங்கே எல்லாமே கிளாஸ் மிஸ்ஸைப் பொறுத்தது. அவரை எப்படி எடை போடுவது? திருத்திய விடைத்தாள் ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். அறிவியலில் ‘தவலை நிலத்திலும் நீரிலும் வாளும்’ என்று ஒரு பிள்ளை எழுதியிருந்தால் அதற்கு மதிப்பெண் கிடைத்ததா? அந்தப் பிள்ளைக்கு அறிவியல் தெரியும். ல, ள, ழ தான் கைக்கு வரவில்லை. முழு மதிப்பெண் போட்டு, பிழையைப் பென்சிலில் மட்டும் குறித்திருந்தால் அந்த மிஸ்ஸை நம்பலாம். அடுத்து நோட்டைப் புரட்டுங்கள். கரும்பலகையில் இருப்பதில் மூன்று வரி எழுதி முடிப்பதற்குள் அழித்துவிடுவார்கள், பிள்ளை பாதியில் நிற்கும். அங்கே சிவப்பு மையில் ‘இன்கம்ப்ளீட்’ என்று மட்டும் இருக்கிறதா, அல்லது நகலெடுத்த தாள் ஒட்டியிருக்கிறதா? ஒரு ஜெராக்ஸ் தாளுக்குச் சம்மதிக்கும் பள்ளி, மற்றதற்கும் சம்மதிக்கும். மாநிலப் பாடத்திட்டத்தின் பொதுத்தேர்விலும் கூடுதல் ஒரு மணி நேரம், எழுத ஆள், மொழிப்பாட விலக்கு எல்லாம் உண்டு. பள்ளிதான் முன்கூட்டியே விண்ணப்பித்து அனுமதி வாங்கித் தர வேண்டும். இதற்கு முன் யாருக்காவது வாங்கித் தந்திருக்கிறீர்களா என்று தலைமையாசிரியரிடம் கேட்டுவிடுங்கள்.

என்ஐஓஎஸ்ஸைக் கடைசிப் புகலிடமாக நினைப்பது தவறு. ஐந்து பாடங்களை நாமே தேர்ந்தெடுக்கலாம், ஆண்டுக்கு இரண்டு முறை தேர்வு, ஐந்து ஆண்டுகளில் ஒன்பது வாய்ப்புகள். ஒரு பாடம் போனால் அதை மட்டும் மறுபடி எழுதினால் போதும். என் கோபமெல்லாம், தங்கள் ரிசல்ட்டைக் காப்பாற்ற ஒன்பதாம் வகுப்பில் பிள்ளையை அந்தப் பக்கம் தள்ளிவிடும் பள்ளிகள் மேல்தான். பிள்ளைக்கு ஏற்றது என்று நாம் எடுக்கும் முடிவு வேறு, நாளைக்கே டிசி வாங்கிக்கொள்ளுங்கள் என்பது வேறு. பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு என்ஐஓஎஸ்ஸில் குறைந்தபட்ச வயது 14. அதனால் ஏழெட்டு வயதிலேயே இதற்காகப் பள்ளி மாற்ற வேண்டிய அவசியமில்லை.

இவை மூன்றிலும் அடங்காத ஒரு வழியும் உண்டு. மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் தியாகராய நகரில் நடத்தும் அனன்யா மையத்தில் பிள்ளைகள் முழுநேரமாகப் பயிற்சி பெற்றுவிட்டு வழக்கமான பள்ளிக்குத் திரும்புகிறார்கள். திரும்பி வரும் பிள்ளையைச் சேர்த்துக்கொள்வோம் என்று பழைய பள்ளியிடம் எழுத்தில் வாங்கிக்கொண்டு போவது நல்லது.

எந்த வழியில் போனாலும் அரசு மருத்துவமனையில் வாங்க வேண்டிய கற்றல் குறைபாட்டுச் சான்றிதழை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் கற்றல் குறைபாடும் ஒன்று. தனியார் மையத்தின் ரிப்போர்ட்டை மட்டும் நம்பிப் பத்தாம் வகுப்பு வரை இருந்துவிட்டு, சலுகைக்காகக் கடைசி நேரத்தில் அரசு மருத்துவமனைக்கு அலையும் பெற்றோர் நிறைய. போர்டு மாற்றுவதாக இருந்தாலும் எட்டாவது முடிவதற்குள் மாற்றிவிடுங்கள். சிபிஎஸ்இயில் ஒன்பதாம் வகுப்பிலேயே பெயர் பதிந்துவிடுவார்கள், பத்தாவதில் புதிதாக இடம் கிடைப்பது மிகவும் கஷ்டம்.

என் மகன் இப்போது தெருமுனை மெட்ரிக்கில் நாலாவது படிக்கிறான். மிஸ் வாய்மொழியாகக் கேள்வி கேட்டு மதிப்பெண் போடுகிறார். எட்டாவது வரும்போது சிபிஎஸ்இயா, ஸ்டேட் போர்டா என்று அவனையும் உட்கார வைத்துப் பேசுவோம்.