உதிரியாக அளந்து தரும் நாய்த் தீனியை வாங்காதீர்கள்

முதன்முறையாக நாய்க்குட்டி வளர்ப்பவர்கள் இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள். எங்கள் வீட்டில் மூன்று வாரம் பட்ட பாடு இன்னொரு வீட்டுக்கு வேண்டாம்.

எங்கள் நாய் செவலை, சிப்பிப்பாறை இனத்து நான்கு மாதக் குட்டி. அதுவரை சோறும் முட்டையும்தான் கொடுத்துவந்தோம். வளரும் எலும்புக்கு அது மட்டும் போதாது என்று கேள்விப்பட்டு, மதுரையில் செல்லப்பிராணிப் பொருள்கள் விற்கும் ஒரு கடைக்குப் போனேன். பையில் அடைத்தது விலை அதிகமாக இருந்தது. நான் தயங்குவதைப் பார்த்த கடைக்காரர், வாய் திறந்து கிடந்த மூட்டையைக் காட்டி, "அதே கம்பெனிச் சரக்குதான் சார், பிரித்துக் கொடுக்கிறோம், கிலோ 180 ரூபாய்" என்றார். நம்பி ஐந்து கிலோ வாங்கினேன். வெறும் பாலிதீன் பையில் போட்டு ரப்பர் பேண்டால் கட்டிக் கொடுத்தார். பில்லும் தரவில்லை.

இரண்டு நாள் செவலை தட்டை முகர்ந்துவிட்டு விலகிப் போனாள். பசித்தால் தானாகத் தின்பாள் என்று விட்டுவிட்டோம். அவள் மூக்குக்குத் தெரிந்தது எங்களுக்குத் தெரியவில்லையே என்று இன்றும் மனம் ஆறவில்லை. பசி தாங்காமல் தின்றாள். நான்காம் நாள் தண்ணீராகப் பேதி. அடுத்த வாரம் முதுகில் முடி கொத்தாக உதிர்ந்தது.

கால்நடை மருத்துவர் முதலில் கேட்டது, "தீனிப் பை எங்கே?" என்றுதான். தயாரித்த தேதி, காலாவதித் தேதி, தொகுதி எண், சேர்மானங்கள் எல்லாம் பையில்தானே இருக்கும்! என்னிடம் இருந்தது பாலிதீன் பை. அவர் நான்கு உருண்டைகளை நசுக்கி என் மூக்கருகே நீட்டினார். பல தடவை வடை சுட்ட எண்ணெயின் காறல் வாடை. பையின் அடியில் இருந்த தூளைக் காகிதத்தில் கொட்டினால், தூளோடு வண்டுகளும் நகர்ந்தன. உலர் தீனியின் மேல் ருசிக்காகக் கொழுப்பைப் பூசுவார்கள். மூட்டையைத் திறந்து வைத்தால் காற்றும் வெக்கையும் பட்டு முதலில் கெடுவது அந்தக் கொழுப்புதான் என்றார்.

மறுநாள் கடைக்குப் போய் மூட்டையைத் திருப்பிப் பார்த்தேன். வளர்ந்த நாய்க்கான தீனி, புரதம் 18 சதவீதம். அமெரிக்காவில் கால்நடை, செல்லப்பிராணித் தீனிகளுக்குத் தரம் வகுக்கும் ஆஃப்கோ (AAFCO) அமைப்பின் அளவுகோல்படி, ஈரம் நீக்கிய கணக்கில் வளரும் குட்டிக்குக் குறைந்தது 22.5 சதவீதம் புரதம் வேண்டும். கால்சியமும் வளர்ந்த நாயைவிட இரண்டு மடங்குக்கு மேல். தேதி அச்சிட்ட இடத்தில் மை கலைந்து நீலக் கறைதான் இருந்தது. கடைக்காரரிடம் கேட்டதற்கு, "நாய்க்குத்தானே சார், மனிதர்களா சாப்பிடப் போகிறார்கள்?" என்றார். பணம் திரும்பி வரவில்லை. பணம் போகட்டும், அந்தப் பதிலைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

வாங்கினால் கம்பெனி ஒட்டிய பையாகவே வாங்குங்கள். விலை கட்டாவிட்டால் சிறிய பையாக வாங்குங்கள். குட்டிக்கானதா, வளர்ந்த நாய்க்கானதா என்று முதலில் பாருங்கள். சேர்மானங்களை எடை வரிசையில்தான் எழுதுவார்கள். சோளமும் தவிடும் முன்னால் நின்று இறைச்சி கடைசியில் ஒளிந்திருந்தால் வைத்துவிட்டு வாருங்கள். ஒரு மாதத்தில் தீர்கிற அளவு போதும். டப்பாவில் கொட்டாமல் பையோடு உள்ளே வைத்து மூடுங்கள். தீனியை மாற்றும்போது ஒரு வாரம் பழையதோடு கலந்து கலந்து மாற்றுங்கள்.

செவலை தேறிவருகிறாள். வேகவைத்த கோழியும் சோறும் கொடுத்து பேதி நின்ற பிறகு, குட்டிக்கான தீனியைக் கைப்பிடி கைப்பிடியாகச் சேர்க்கிறோம். முதுகில் முடி இன்னும் முழுதாக வளரவில்லை. நேற்று அந்தக் கடையைத் தாண்டி வந்தேன். அதே மூட்டை வாசலில் திறந்தபடியே இருந்தது, உள்ளே அளக்கும் டப்பாவும் செருகியிருந்தது.