மார்பில் கட்டி: முதலில் ஊசியா, கத்தியா?

குளிக்கும்போது கையில் தட்டுப்படுகிறது. சுண்டைக்காய் அளவுதான், வலியும் இல்லை. வலி இல்லையே என்றுதான் பலர் விட்டுவிடுகிறார்கள். ஆனால் புற்றுநோய்க் கட்டி ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது. அதே சமயம், தட்டுப்படும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோயும் இல்லை. இளவயதில் விரலுக்கு நழுவி ஓடும் ஃபைப்ரோஅடினோமா என்ற சாதாரணக் கட்டி, நாற்பதை ஒட்டி நீர்க்கட்டி, பால் கொடுக்கும் நாட்களில் பால்கட்டு என்று பல உண்டு. எது என்று தடவிப் பார்த்து முடிவு கட்ட முடியாது.

காத்திருக்கலாமா? மாதவிலக்கு வருகிறவர்கள் ஒரு விலக்கு முடியும்வரை பார்க்கலாம், அதற்கு மேல் வேண்டாம். விலக்கு நின்றவர்கள் அந்த ஒரு மாதம்கூடத் தள்ளக் கூடாது. தோல் குழிந்தாலோ, காம்பு உள்வாங்கினாலோ, ரத்தம் கசிந்தாலோ, அக்குளில் கட்டி இருந்தாலோ எந்த வயதானாலும் உடனே போக வேண்டும். மல்லிகைப்பூ வைத்துக் கட்டுவது பால் வற்றுவதற்கான வழக்கம். கட்டி அதில் கரையாது.

ஸ்கேனா, மேமோகிராமா (மார்பக எக்ஸ்ரே)? 30 வயதுக்குள் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் போதும்; இளவயதில் மார்பகத் திசு அடர்த்தியாக இருப்பதால் மேமோகிராமில் கட்டி மறைந்துவிடும். நாற்பது தாண்டினால் இரண்டும் தேவை. கையில் கட்டி தெரியும்போது, மேமோகிராம் நார்மல் என்று வந்தாலும் அதோடு விட்டுவிடக் கூடாது.

சரி, உண்மையான குழப்பம் இனிமேல்தான். 34 வயது அக்காவுக்கு ஸ்கேனில் சந்தேகம் வந்ததும் முதலில் பார்த்த டாக்டர், "வியாழக்கிழமை கட்டியை எடுத்துடலாம், அப்புறம் டெஸ்டுக்கு அனுப்பலாம்" என்றார். வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. ஊசி குத்தினால் பரவிவிடும் என்ற பயம் வேறு. ஊசிப் பரிசோதனையால் நோய் முற்றிவிடும் என்பதற்கு ஆதாரம் இல்லை. எடுத்தபின் அது புற்றுநோய் என்று தெரிந்தால்தான் சிக்கல். ஓரங்களில் மிச்சம் இருக்கலாம், அக்குளில் உள்ள நிணநீர் முடிச்சுகளையும் பார்க்க வேண்டும், இரண்டாவது ஆபரேஷன். சிலருக்கு முதலில் கீமோ கொடுத்துக் கட்டி எவ்வளவு சுருங்குகிறது என்று பார்ப்பார்கள். கட்டியை எடுத்துவிட்டால் எதை வைத்துப் பார்ப்பது? புற்றுநோய் இல்லை என்று வந்தால், அநாவசியமாக ஒரு தழும்பு.

ஊசியிலும் இரண்டு வகை. எஃப்என்ஏசி மெல்லிய ஊசி. செல்களை மட்டும் உறிஞ்சும். செலவு குறைவு, நீர்க்கட்டியானால் அப்போதே நீர் வடிந்து அமுங்கிவிடும். கோர் பயாப்சி ஊசி சுமார் 2 மில்லிமீட்டர் தடிமன். இதில் திசுவே வருவதால், புற்றுநோயாக இருந்தால் ஈஆர், பிஆர் என்ற ஹார்மோன் ஏற்பிகள், ஹெர்2 என்ற புரதம் வரை பார்த்து எந்த மருந்து கேட்கும் என்று முடிவு செய்யலாம். கட்டி கெட்டியாக இருந்தால் நான் கோர் பயாப்சியைத்தான் கேட்கச் சொல்வேன். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் செய்கிறார்கள்.

ஊசி முடிவும் ஸ்கேனும் ஒத்துப்போகாவிட்டால், அல்லது கட்டி வேகமாக வளர்ந்தால், கத்திதான் சரி.

அக்காவுக்கு மரத்துப்போக ஊசி போட்டு, ஸ்கேன் பார்த்துக்கொண்டே கோர் பயாப்சி எடுத்தார்கள். ஸ்டேப்ளர் அடிப்பதுபோல் 'டக்' என்று நாலு சத்தம். ஃபார்மலின் பாட்டிலில் சேமியா இழைபோல நாலு துண்டுகள் மிதந்தன. ஒரு வாரத்தில் ஃபைப்ரோஅடினோமா என்று ரிப்போர்ட் வந்தது. ஆறு மாதம் கழித்து ஸ்கேனுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள்.