கீழக்கரை மாடி வகுப்பு: நாலு சனிக்கிழமை, சிலுவைப் போர்கள்

கீழக்கரையில் கடற்கரைக்குப் போகும் வழியில் ஒரு மொட்டைமாடியில் சனிக்கிழமை சாயங்காலம் வரலாற்று வகுப்பு நடக்கிறது, நாலு வாரம் முழுசாக உட்கார்ந்து கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். ரொம்ப நல்ல வகுப்பு.

ஜெருசலேமை முஸ்லிம்களிடமிருந்து பிடிக்க மேற்கு ஐரோப்பியக் கிறிஸ்தவர்கள் கிளம்பிய சிலுவைப் போர்கள் ஏன் வந்தன என்பதை, மதவெறி என்று ஒரே வார்த்தையில் சார் முடித்துவிடவில்லை. 1071-ல் மான்சிகெர்ட்டில் (இன்றைய துருக்கியில் இருக்கிறது) துருக்கியரிடம் பைசாந்தியப் படை, அதாவது கான்ஸ்டான்டிநோபிளிலிருந்து ஆண்ட கிழக்குக் கிறிஸ்தவப் பேரரசின் படை, தோற்றது, பிறகு அவர்கள் மேற்கே உதவி கேட்டது, 1095-ல் பிரான்ஸின் கிளெர்மான்ட்டில் போப் இரண்டாம் அர்பன் விடுத்த அழைப்பு, பாவமன்னிப்பு கிடைக்கும் என்ற நம்பிக்கை, அப்புறம் மண்ணாசை என்று இழை இழையாகப் பிரித்துக் காட்டினார்.

வரைபடம் காற்றில் பறக்காமல் இருக்க நாலு மூலையிலும் சங்கு. அதில் ஒன்றை எடுத்து கான்ஸ்டான்டிநோபிள் (இன்றைய இஸ்தான்புல்) மேல் வைத்து, "1204-ல் சிலுவைப் படை சூறையாடியது இந்தக் கிறிஸ்தவ நகரத்தைத்தான்" என்றார். பக்கத்தில் இருந்த படகுக்கார அண்ணன், "சொந்தச் சனத்தையேவா?" என்று கேட்டுவிட்டு அமைதியாகிவிட்டார். அந்தக் காயத்துக்கு வருந்தி போப் இரண்டாம் ஜான் பால் ஏதென்ஸில் கிரேக்க ஆர்த்தடாக்ஸ் திருச்சபைத் தலைவர் முன்னால் மன்னிப்பு வேண்டியது 2001-ல், கிட்டத்தட்ட 800 வருஷம் கழித்து!

ஒரே குறை, 1096-ல் ஜெர்மனியின் ரைன் நதிக்கரை ஊர்களில் சிலுவைப் படையினர் யூதர்களைக் கொன்று குவித்ததை ஐந்தே நிமிஷத்தில் தாண்டிவிட்டார். அதற்குத் தனியாக ஒரு சாயங்காலம் வேண்டும் சார்.

போகிறவர்கள் பாய் கொண்டுபோங்கள், தரை சுடும்.