பவளத் தொட்டிக்கு கேஎச் பார்க்க: சொட்டு கிட்டா, டிஜிட்டல் செக்கரா, லேப் டெஸ்டா?

கேஎச் என்பது தண்ணீரின் காரத்தன்மை அளவு. அதைப் பார்க்க மூன்று வருடம் சொட்டு கிட்டில் ஓட்டிவிட்டு, போன வருடம் டிஜிட்டல் செக்கருக்கு மாறினேன். நடுவில் இரண்டு முறை தண்ணீரைக் குப்பியில் அடைத்து ஜெர்மனி லேபுக்கு ஐசிபி (தண்ணீரில் உள்ள தனிமங்களை அளக்கும்) சோதனைக்கும் அனுப்பியாயிற்று. சிங்கப்பூரில் எச்டிபி (அரசு அடுக்குமாடி) வீடு, 200 லிட்டர் தொட்டி, உள்ளே ஹாமர், மோன்டிபோரா, நாலைந்து அக்ரோபோரா என்று கடினப் பவளங்கள். புதிதாகத் தொட்டி வைத்த நண்பர், "பவளம் சோர்ந்திருக்குன்னு எதை வச்சுக் கண்டுபிடிக்கிறீங்க?" என்று கேட்டார். அவருக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

வெப்பம், உப்பு பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இந்த ஊர் சூட்டில் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் இல்லாமல் அக்ரோபோரா வளர்க்க நினைப்பது வீண். உப்பு ஆயிரத்துக்கு 35 பங்கில் நிற்கிறதா என்று பார்க்காதவர் எந்த கிட் வாங்கியும் பயனில்லை.

கண்ணால் பார்த்தே சொல்லிவிடுவேன் என்பவர்கள் உண்டு. நானும் அப்படித்தான் இருந்தேன். ஹாமர் சுருங்கினால் ஏதோ சரியில்லை. பழுப்பேறினால் சத்து கூடிவிட்டது, அல்லது வெளிச்சம் போதவில்லை. வெளிறினால் உள்ளே குடியிருக்கும் பாசி வெளியேறுகிறது. எல்லாம் சரிதான். ஆனால் ஹாமர் இறால் மேலே நடந்தாலும் சுருங்கும், மீன் கொத்தினாலும் சுருங்கும். அக்ரோபோராவோ நேர் எதிர்: அடித்தண்டில் சதை உரிந்து வெள்ளை தெரியும்வரை முகம் கொடுக்காது. தெரிந்தபிறகு சில சமயம் ஒரே நாளில் முடிந்துவிடும்.

அதனால்தான் கேஎச். பவளம் எலும்புக்கூடு கட்டக் காரத்தன்மையைத் தண்ணீரிலிருந்து தினமும் இழுக்கிறது. என் தொட்டியில் ஒரு நாளைக்குச் சுமார் 0.9 டிகேஎச் (கேஎச்சின் அலகு). காரக் கரைசலைத் தானாக ஊற்றும் டோசர் அதே அளவு ஊற்றுவதால் அளவு 8.2-ல் நிற்கும். பவளத்துக்கு முடியாமல் போனால் முதலில் நிற்பது வளர்ச்சி. இழுப்பது குறையும், டோசர் ஊற்றுவது குறையாது, கேஎச் ஏறும். டோஸை மாற்றாமலேயே நாளுக்கு 0.3 ஏறினால், தொட்டி வழக்கத்தில் மூன்றில் ஒரு பங்கு சாப்பிடவில்லை என்று அர்த்தம். நிறம் மாறுவதற்கு முன்பே இது தெரிந்துவிடும்.

அந்த 0.3-ல்தான் சொட்டு கிட் என்னைக் கைவிட்டது. கிட்டைக் குறை சொல்லவில்லை. மலிவு, பேட்டரி வேண்டாம், வாரம் ஒரு முறை பார்க்கிறவருக்குத் தாராளமாகப் போதும். ஆனால் ரசாயனத்தைச் சொட்டுச் சொட்டாக விடும்போது நீலப்பச்சை போய் இளஞ்சிவப்பு வரும் அந்தக் கணம் எது? நான் வைத்திருந்த கிட்டில் ஒரு சொட்டு கூடக்குறைய விழுந்தாலே சுமார் 0.3 மாறும். நான் சோதிப்பது இரவு ஒன்பதுக்கு, தொட்டியின் நீல விளக்கில். எனக்கு ஆரஞ்சாகத் தெரிவது மனைவிக்கு "ஏற்கெனவே பிங்க் ஆயிடுச்சே" என்று தெரியும். தேடுகிற வித்தியாசமும் கை தவறுகிற வித்தியாசமும் ஒன்றானால் சோதித்து என்ன பயன்?

செக்கரில் அந்த வாக்குவாதம் இல்லை. நான் வாங்கியது ஹன்னா எச்ஐ772. 10 மில்லி தண்ணீர், பட்டனை அழுத்தினால் பூஜ்யம், 1 மில்லி ரசாயனம், கலக்கு, மறுபடி அழுத்து. பெட்டியில் போட்டிருக்கும் துல்லியம் 0.3-உடன் அளவில் 5 சதவீதம். கணக்குப் போட்டால் 8-க்கு முன்பின் 0.7. கேட்கவே மோசம்தான். ஆனால் ஒரே கருவி, ஒரே கை, ஒரே நேரம் என்று வைத்துக்கொண்டால் என் அளவுகள் 0.1, 0.2-க்குள் திரும்பத் திரும்ப வருகின்றன. எனக்கு வேண்டியது உண்மையான எண் அல்ல, நேற்றைக்கும் இன்றைக்கும் உள்ள வித்தியாசம்.

பராமரிப்புதான் இதன் தலைவலி. ரசாயனக் குப்பி 25 சோதனைக்கு. தினமும் பார்த்தால் மாதம் தாங்காது. கண்ணாடிக் குடுவையில் விரல் ரேகை பட்டால் எண் தப்பும், உள்ளே குமிழி நின்றாலும் தப்பும். புதுக் குப்பி திறந்த அன்று ஒருமுறை 0.4 எகிறியது, பதறி டோசரைக் குறைத்தேன், மறுநாள்தான் குப்பி மாறியது உறைத்தது. இப்போது பழைய குப்பியில் கடைசி ஒன்றை மிச்சம் வைத்து, இரண்டாலும் அதே தண்ணீரைப் பார்த்துக் குறித்துக்கொள்கிறேன்.

செக்கர் காசுக்கு வேலை செய்தது ஜனவரியில். அடுத்தடுத்த மூன்று இரவு: 8.2, 8.5, 8.8. குப்பி மாறவில்லை, டோசரும் சரி. பவளங்கள் பார்க்க ஜம்மென்று இருந்தன. ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்ததில், அலை பம்பின் காந்தத்து மேலுறை வெடித்து, விரலில் துரு ஒட்டியது. பம்பைத் தூக்கி, கார்பன் மாற்றி, உலோகம் உறிஞ்சும் மீடியா போட்டு, இரண்டு வாரம் தண்ணீர் மாற்றினேன். ஒரு அக்ரோபோரா போனது, மற்றவை பிழைத்தன.

ஐசிபிக்கும் அப்போதே அனுப்பினேன். முடிவு வர 12 நாள். நிக்கல் அதிகம் என்று வந்தது, அதற்குள் பம்ப் குப்பைத்தொட்டியில். தாமிரம், நிக்கல், தகரம் போன்றவற்றை வீட்டு கிட்டில் இந்தளவுக்குப் பார்க்க முடியாது, அங்கே ஐசிபிக்கு ஈடில்லை. ஆனால் அது தனிமங்களை எண்ணும் கருவி. கேஎச்சுக்கு அதை நம்பியிருக்க முடியாது. இரண்டே முறை அனுப்பியவன் நான், மாதாமாதம் அனுப்புகிறவர்கள் வேறு சொல்லலாம். தானாகவே கேஎச் அளக்கும் இயந்திரத்தை நண்பர் வீட்டில் வேடிக்கை பார்த்ததோடு சரி.

ஊரிலிருந்து கேட்பவர்களுக்கு ஒன்று: இந்தியாவில் பாறை கட்டும் கடினப் பவளங்கள் எல்லாம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. கிட் வாங்குவதற்கு முன் அதைப் பாருங்கள்.

நண்பருக்கு இப்போதைக்குச் சொட்டு கிட்டே போதும் என்றேன். அவர் தொட்டியில் மென்பவளம் மட்டும்தான், அது கேஎச்சை அதிகம் இழுக்காது. முதல் அக்ரோபோரா வாங்கும் வாரத்தில் செக்கரும் வாங்கட்டும்.